ஏற்காட்டுப் பனியில் சான்டானா பாட்டு

கேள்வி: சேலம் இசைக்குழு நாங்க. சான்டானாங்கிற அமெரிக்க ராக் குழுவோட ‘ஓயே கோமோ வா’ பாட்டுல கிட்டார் சோலோ (தனி வாசிப்பு) சோகமாகுது, ஏற்காடு மலையேறினா காங்கா (கையால தட்டுற உயரமான முரசு) சத்தமும் மந்தம். என்ன செய்யலாம்?

பதில் 1: இது டிட்டோ புவென்டே எழுதின பாட்டு, சான்டானா 1970-ல ‘அப்ராக்சஸ்’ ஆல்பத்துல போட்டாங்க. ரெண்டே கார்டு (சேர்ந்து ஒலிக்கிற சுரக்கூட்டு): ஏ மைனர் 7, டி 9. சோலோல நீங்க எஃப் சுரம் பிடிக்கிறீங்க போல, அது நடபைரவி ராகம், அதான் சோகம். எஃப் ஷார்ப் பிடிங்க. ஏ-யை சட்ஜமா வெச்சா கரஹரப்பிரியா!

பதில் 2: காங்கா மாட்டுத்தோல்தானே? பனியில ஈரம் இழுத்துத் தளரும். எல்லா நட்டையும் சுத்தி வந்து கால் சுத்து கால் சுத்தா முறுக்குங்க. ஒரே பக்கம் முறுக்கினா ரிம் (தோலைப் பிடிக்கிற வளையம்) கோணிக்கும். முடிஞ்சதும் தளர்த்திடுங்க. இல்லன்னா கீழ சேலம் வெயில்ல தோல் இறுகிக் கிழியும்.

பதில் 3: சோலோல நீள சுரத்துக்கு கிட்டார்ல கழுத்துப் பக்க பிக்கப் (கம்பி அதிர்வை வாங்குற காந்தம்) போட்டு, ஆம்ப் (ஒலிபெருக்கி) எதிர்ல நகர்ந்து பாருங்க. சுரம் தானா நிக்கிற இடத்துல தரையில டேப் ஒட்டிடுங்க.