ஏற்காடு கோவிலில் கல்யாணம்: ஓலை எங்கே கொடுக்க வேண்டும்?

நான்குரோடு வாசகி:
அண்ணன் மகளுக்குக் கல்யாணம் பேசி முடித்திருக்கிறோம். பெண் சேலம் டவுன் பங்கு (அந்தப் பகுதிக் கோவிலைச் சேர்ந்தவள்). மாப்பிள்ளை ஓசூர் பக்கம், பெண்ணுக்குச் சொந்த அத்தை மகன். இரண்டு பேருமே ஏற்காட்டில் கத்தோலிக்கக் கோவிலில்தான் தாலி கட்ட வேண்டும் என்கிறார்கள். மாப்பிள்ளையின் சித்தப்பா ஒரு சாமியார் (பாதிரியார்), அவர்தான் பூசை வைப்பார். மே மாதம் யோசிக்கிறோம். ஓலையை (கோவிலில் வாசிக்கும் கல்யாண அறிவிப்பை) ஏற்காட்டிலேயே கொடுத்தால் போதுமா? யாரிடம் என்னென்ன கடிதம் வாங்க வேண்டும்? மண்டபத்துக்கு இப்போதே முன்பணம் கட்டிவிடலாமா?

ஓலைச்சுவடி:
முன்பணம் கட்டாதீர்கள். "சொந்த அத்தை மகன்" என்று போகிறபோக்கில் எழுதியிருக்கிறீர்கள், முதல் வேலையே அதுதான். பெண்ணிலிருந்து மேலே அப்பா, தாத்தா. தாத்தாவிலிருந்து கீழே அத்தை, அத்தை மகன். ஆக நாலு படி. இப்போது நடைமுறையில் இருக்கும் 1983-ஆம் வருடத்துத் திருச்சபைச் சட்டத்தில் நாலாம் படி வரை இரத்த உறவுத் தடை. ஆயர் (பிஷப்) தடை நீக்கம் கொடுத்தால்தான் கல்யாணம் செல்லும். கொடுக்காமல் தாலி கட்டினால் அது தப்பு என்பதோடு நிற்காது, அந்தத் திருமணமே செல்லாது. மாமன் மகள், அத்தை மகன் சம்பந்தத்துக்குத் தடை நீக்கம் கேட்பதும் கிடைப்பதும் நம் பக்கம் நடக்கிற விஷயம்தான். ஆனாலும் கொடுத்தாக வேண்டும் என்று ஆயருக்குக் கட்டாயம் இல்லை. கடிதம் கைக்கு வந்த பிறகே பத்திரிகை அடியுங்கள்.

வீட்டுப் பெரியவர்கள் "இரண்டுவிட்ட சொந்தத்துக்கும் தடை உண்டு" என்று சொல்லக்கூடும். 1917-ஆம் வருடச் சட்டத்தில் ஒரு பக்கத்துத் தலைமுறைகளை மட்டும் எண்ணினார்கள், மூன்றாம் தலைமுறை வரை தடை. அந்தக் கணக்கு இன்று இல்லை. பெண்ணின் அப்பாவோ அம்மாவோ, மாப்பிள்ளையின் அப்பாவுக்கோ அம்மாவுக்கோ அத்தை, மாமன் பிள்ளையாக இருந்தால் அது ஆறாம் படி, தடையே கிடையாது. தாய்மாமன், அக்கா மகள் சம்பந்தம் மூன்றாம் படி. அது நாலாம் படியைவிடக் கடினம்.

தடை நீக்க மனுவைப் பெண்ணின் பங்குச் சாமியார் வழியாகச் சேலம் ஆயர் இல்லத்துக்கு அனுப்புங்கள். இரண்டு குடும்பத்துக்கும் பொதுவான தாத்தா, பாட்டி வரைக்கும் வம்ச வரிசையை ஒரு தாளில் வரைந்து இணைத்தால் திருப்பி அனுப்ப வேலை இருக்காது.

ஓலை ஏற்காட்டில் வாசிப்பதல்ல. பெண் குடியிருக்கும் பங்கிலும் மாப்பிள்ளை குடியிருக்கும் பங்கிலும் மூன்று ஞாயிறு வாசிக்க வேண்டும். அதற்கு முன் இருவருக்கும் ஞானஸ்நானச் சான்றிதழ், உறுதிபூசுதல் சான்றிதழ், திருமணத் தயாரிப்புப் பயிற்சிச் சான்றிதழ் மூன்றும் கையில் இருக்கட்டும்.

ஞானஸ்நானச் சான்றிதழ் 6 மாதத்துக்குள் எடுத்ததாக இருக்க வேண்டும். பீரோவில் இருக்கும் பழைய தாள் உதவாது. காரணம் அதன் கீழே உள்ள குறிப்புக் கட்டம். ஒருவருக்கு எங்கே கல்யாணம் நடந்தாலும், ஞானஸ்நானம் எடுத்த கோவில் பதிவேட்டில் அவர் பெயருக்கு நேரே அதைக் குறித்துவைப்பார்கள். புதிதாக எடுத்த தாளில் அந்தக் கட்டம் காலியாக இருந்தால்தான் தனியாள் என்று தெரியும்.

இன்னொன்று, ஓசூர் இப்போது சேலம் மறைமாவட்டம் (சேலம் ஆயரின் எல்லை) கிடையாது. 1997-ல் தருமபுரி மறைமாவட்டம் பிரிந்தபோது அங்கே போய்விட்டது. மாப்பிள்ளை பக்கத்துக் கடிதங்களில் அந்த மறைமாவட்டத்து முத்திரை தேவையா என்று முன்கூட்டியே கேளுங்கள். எல்லாவற்றுக்கும் சேர்த்துக் குறைந்தது 3 மாதம் வைத்துக்கொள்ளுங்கள்.

பதிவேடு:
மேலே சொன்னதெல்லாம் சரி. சித்தப்பா சாமியார் விஷயத்தையும் சேர்த்துக்கொள்ளுங்கள், நிறைய வீடுகளில் கோட்டை விடுவது இங்கேதான். சொந்தக்காரர், குருத்துவம் பெற்றவர் என்பதற்காக அவர் எந்தக் கோவிலிலும் திருமணம் நடத்திவிட முடியாது. பூசை வைப்பது வேறு, திருமண வாக்குறுதியைத் திருச்சபை பெயரால் கேட்டு வாங்குவது வேறு. ஏற்காடு எல்லைக்குள் அந்த அதிகாரம் ஏற்காடு பங்குச் சாமியாருக்கும் சேலம் ஆயருக்கும்தான். சித்தப்பா பெயரையும் ஜோடியின் பெயரையும் தேதியையும் குறிப்பிட்டு அதிகாரம் கொடுக்க வேண்டும். வாய்மொழியாகச் சொன்னாலும் செல்லும், ஆனால் எழுதி வாங்கிப் பதிவேட்டோடு வைத்துவிடுங்கள். இது இல்லாவிட்டாலும் திருமணம் செல்லாது.

சொந்தப் பங்கை விட்டு வேறு பங்கில் நடத்துவதால் பெண்ணின் பங்குச் சாமியாரிடமிருந்து அனுமதிக் கடிதமும் வேண்டும். அதை ஓலை முடிந்த தகவலோடு ஒரே உறையில் கொடுப்பார்கள்.

கல்யாணம் ஏற்காடு பதிவேட்டில்தான் ஏறும். நாலு வருடம் கழித்துச் சான்றிதழ் தேவைப்பட்டால் சேலம் பங்கில் போய் நிற்காதீர்கள், மலைக்குத்தான் போக வேண்டும். அன்றைக்கே இரண்டு பிரதி வாங்கிவிடுவது நல்லது. கையெழுத்துப் போடும் முன் பெயரை எழுத்து எழுத்தாகப் பாருங்கள். ஞானஸ்நானப் பெயர் "ஆரோக்கிய மேரி", ஆதாரில் "பிரியா" என்று இருந்தால் பாஸ்போர்ட்டில் கணவர் பெயர் சேர்க்கும்போது சிக்கல். ஞானஸ்நானப் பதிவேட்டில் பெயரை அடித்துத் திருத்த முடியாது. ஆயர் இல்ல அனுமதியோடு ஓரத்தில் குறிப்புத்தான் எழுதலாம், அதற்கு நாளாகும். இப்போதே ஆரம்பியுங்கள்.

கோவில் பதிவு இருந்தாலும் தமிழ்நாட்டுச் சட்டப்படி 90 நாளுக்குள் சார்பதிவாளர் அலுவலகத்திலும் பதிய வேண்டும்.

நான்குரோடு வாசகி:
இருவருக்கும் நன்றி. முன்பணத்தை நிறுத்திவிட்டோம். இன்னும் ஒரு சந்தேகம்: கோவிலுக்குப் பதில் ரிசார்ட் புல்வெளியில் மாலை 6 மணிக்கு வைக்கலாமா என்று மாப்பிள்ளையின் நண்பர்கள் கேட்கிறார்கள்.

பதிவேடு:
கோவிலுக்கு வெளியே நடத்த ஆயரின் தனி அனுமதி வேண்டும். புல்வெளிக்குக் கேட்டுப் பார்க்காதீர்கள், தடை நீக்க மனு இருக்கும்போது இது வேண்டாத சுமை. மாலை 6-க்கு ஆரம்பித்தால் முடிவதற்குள் நேரமும் இடிக்கும். 1872-ஆம் வருடக் கிறிஸ்தவத் திருமணச் சட்டத்தில் காலை 6 முதல் மாலை 7 வரைதான் நேரம், அதைத் தாண்டினால் அதற்கும் ஆயர் உரிமம். கோவிலில் காலையில் தாலி கட்டிவிட்டு வரவேற்பைப் புல்வெளியில் வையுங்கள்.

கொண்டை ஊசி:
காலை என்றால் பாதையைப் பற்றியும் சொல்லிவிடுகிறேன். அடிவாரத்திலிருந்து 20 கொண்டை ஊசி வளைவு. மே மாதம் கோடை விழாக் கூட்டம் சேர்ந்தால் வண்டி நகராது, சில நாள் ஏறுவதற்கு ஒரு வழி, குப்பனூர் பக்கம் இறங்குவதற்கு ஒரு வழி என்று மாற்றிவிடுவார்கள். கோடை விழாத் தேதி தெரிந்த பிறகு நாள் குறியுங்கள். பூசை 10.30 என்றால் வேன்கள் சேலத்தை விட்டு 7.30-க்குக் கிளம்பட்டும். ஏறும் முன் வயிறு முட்டச் சாப்பிட வேண்டாம், இட்லி இரண்டோடு நிறுத்தச் சொல்லுங்கள். நற்கருணை வாங்குகிறவர்களுக்கு ஒரு மணி நேர உபவாசமும் அதிலேயே வந்துவிடும். தண்ணீருக்கும் மருந்துக்கும் அந்தக் கட்டுப்பாடு இல்லை. வயதானவர்களுக்கும் நோயாளிகளுக்கும் உபவாசமே கட்டாயமில்லை.

பட்டுப்புடவையை மேலே போய்க் கட்டிக்கொள்ள ஒரு அறை பேசிவையுங்கள். தாலியைத் தங்கச் சங்கிலியில் கோத்துக் கொண்டுபோனாலும் மஞ்சள் கயிறு ஒன்று தட்டில் கட்டாயம் இருக்க வேண்டும். குளிரில் விரல் விறைத்துப்போனால் கொக்கி மாட்டாது, மாப்பிள்ளை தடவிக்கொண்டே நிற்க, பாடல் முடிந்துவிடும். கயிறு என்றால் மூன்று முடிச்சு, வேலை முடிந்தது. அந்தக் கயிறு, மோதிரம், மாலை எல்லாவற்றையும் மந்திரிப்பதற்கு (சாமியார் ஆசீர்வதிப்பதற்கு) ஒரே தட்டில், பூசைக்கு அரை மணி முன்பே கோவில் பணியாளரிடம் கொடுத்துவிடுங்கள். சாட்சிக் கையெழுத்துப் போடும் இருவரும் முன் வரிசையில் உட்காரட்டும். பின்னால் உட்கார்ந்திருந்தால் போட்டோக்காரர்களைத் தாண்டி வருவதற்குள் பதிவேட்டை மூடிவிடுவார்கள்.