டர்பனில் ஒரு படையாச்சி

குழு: செம்பனார்கோயில் சொந்தங்கள்
சனிக்கிழமை

6:05 மல்லிகா அத்தை: [படம்: வாசல் கோலம்] எல்லாருக்கும் காலை வணக்கம். இன்னிக்கி சனிப் பிரதோஷம், மறந்துடாதீங்க.

10:42 தேன்மொழி (டர்பன்): பெரியப்பா, வேலையா இருக்கீங்களா? ஒரு பேரைப் பத்திக் கேக்கணும்.

10:44 தேன்மொழி (டர்பன்): நேத்து ஆபீஸ்ல ஒரு அக்கா வந்து, "நீ தமிழ்நாடுதானே, என் சர்நேமுக்கு என்ன அர்த்தம்? எங்க வீட்ல யாருக்கும் தெரியல"ன்னு கேட்டாங்க. ஐடி கார்டைப் பாத்தா படையாச்சி!

10:45 மல்லிகா அத்தை: யாருடி அது? நம்ம பக்கத்து ஆளா?

10:47 தேன்மொழி (டர்பன்): அஞ்சு தலைமுறையா இங்க தென்னாப்பிரிக்காலதான் அத்தே. தமிழ் பேச வராது. ஆனா பாட்டியைப் பாட்டின்னுதான் கூப்பிடுவாங்களாம். வருஷா வருஷம் காவடி எடுக்குறாங்க.

10:58 பெரியப்பா: இப்பதான் பார்த்தேன் அம்மா. இங்கிலீஷில் எழுத்து எழுத்தாக எப்படிப் போட்டிருக்கிறது? நடுவில் 'ட்' வருகிறதா?

10:59 தேன்மொழி (டர்பன்): பி, ஏ, டி, ஏ, ஒய், ஏ, சி, எச், ரெண்டு ஈ. 'ட்' இல்ல பெரியப்பா.

11:06 பெரியப்பா: நான் நாற்பது வருஷம் பத்திரம் எழுதியவன். பேனா பிடித்தால் 'படையாட்சி' என்றுதான் எழுதுவோம். படை, ஆட்சி. படையை ஆள்கிறவன் என்று பொருள். ஆனால் திண்ணையில் உட்கார்ந்து கைநாட்டு வைக்க வந்த ஒருத்தர்கூட 'ட்' போட்டுச் சொன்னதில்லை. "படையாச்சி எழுதிக்குங்க" என்பார்கள். அந்தக் காலத்தில் அங்கே கரும்புத் தோட்ட வேலைக்குக் கப்பலில் ஆள் எடுத்த குமாஸ்தா, எதிரே நின்றவர் வாயிலிருந்து வந்ததை அப்படியே எழுதிவிட்டான். அந்தப் பெண் கழுத்தில் தொங்குவது நம்ம ஊர்ப் பேச்சு. நூற்று முப்பது நூற்று நாற்பது வருஷத்துக்கு முன்னால் பேசிய பேச்சு.

11:07 தேன்மொழி (டர்பன்): உடம்பு சிலிர்க்குது பெரியப்பா.

11:09 நெய்வேலி சித்தப்பா: அண்ணே, நம்ம தாத்தா பத்திரத்துலயும் அப்படித்தானே இருக்கும்?

11:10 பெரியப்பா: இருக்கிறது தம்பி. பரணில் இருக்கிறது. சாயங்காலம் எடுக்கிறேன்.

11:18 இளமாறன்: பெரியப்பா, நான் ஒண்ணு சொல்லட்டுமா, தப்பா எடுத்துக்காதீங்க. அது சாதிப் பட்டம். அதை வச்சு நாம பெருமைப்பட என்ன இருக்கு? கஷ்டப்பட்டு அதைப் பேருக்குப் பின்னாடியிருந்து எடுத்தாங்க. 1929 செங்கல்பட்டு சுயமரியாதை மாநாட்டுல தீர்மானமே போட்டாங்க. 2021ல பாடப்புத்தகத்துல தலைவர்கள் பேருல இருந்தும் எடுத்தாச்சு.

11:19 மல்லிகா அத்தை: புள்ள கேக்குறதுல ஞாயம் இருக்குண்ணே.

11:31 பெரியப்பா: நியாயம்தான் இளமாறா. நானும் என் பேருக்குப் பின்னால் போட்டது கிடையாது. உங்கள் யாருக்கும் போடவும் விடவில்லை. ஆனால் அங்கே அந்தச் சொல்லுக்கு நடந்தது வேறு. கொஞ்சம் நீளமாக எழுதுகிறேன், பொறுமையாகப் படி.

11:46 பெரியப்பா: 1860 அக்டோபரில் சென்னையிலிருந்து ட்ரூரோ என்ற கப்பல் கிளம்பி, நவம்பர் 16ஆம் தேதி டர்பன் போய்ச் சேர்ந்தது. 342 பேர். அதுதான் முதல் கப்பல். 1911 வரைக்கும் ஒன்றரை லட்சம் பேருக்கு மேல் போனார்கள். அதில் மூன்றில் இரண்டு பங்கு சென்னையில் ஏறியவர்கள். மற்றவர்கள் கல்கத்தாவில் ஏறியவர்கள். அஞ்சு வருஷ ஒப்பந்தம், கரும்புத் தோட்ட வேலை. முதல் வருஷம் மாசக்கூலி பத்து ஷில்லிங்.

ஆளுக்கு ஒரு நம்பர். கப்பல் பதிவேட்டில் நம்பர், பேர், தகப்பன் பேர், வயசு, சாதி, ஜில்லா, தாலுகா, கிராமம் என்று வரிசையாகக் கட்டம் போட்டிருக்கும். நம் ஆட்களுக்கு இருந்ததோ ஒரே பேர். முனுசாமி என்றால் முனுசாமி. வெள்ளைக்காரன் சட்டத்துக்கு ரெண்டு பேர் வேண்டும். அதனால் சிலருக்குச் சாதிப் பட்டம் சர்நேம் ஆயிற்று. வேறு சிலருக்கு, கப்பல் ஏறியவரின் சொந்தப் பேரே பிள்ளைகளுக்கும் பேரப்பிள்ளைகளுக்கும் சர்நேம் ஆயிற்று.

11:49 தேன்மொழி (டர்பன்): ஆமா பெரியப்பா! எங்க டீம்ல நாயுடு மூணு பேரு, பிள்ளை ரெண்டு பேரு, மூட்லின்னு ஒருத்தர். அது முதலியாமே, எனக்கு முதல்ல புரியவே இல்ல. கோவெண்டர்னு நாலு பேரு. அதோட பெருமாள், முனுசாமின்னு சர்நேம் வச்சவங்களும் இருக்காங்க.

11:52 பெரியப்பா: கோவெண்டர் கவுண்டரிலிருந்து வந்தது என்பார்கள். முதலியைப் பார். 'யார்' போடவில்லை. தன் பேரைத் தானே சொல்கிறவன் தனக்கு மரியாதை விகுதி சேர்த்துக்கொள்ள மாட்டான். அந்த அடக்கம்கூட எழுத்தில் தங்கிவிட்டது என்று எனக்குத் தோன்றும்.

11:55 இளமாறன்: சரி பெரியப்பா, ஆனா சாதி சாதிதானே?

12:04 பெரியப்பா: கப்பலில் ஒரே பானைச் சோறு, ஒரே தொட்டித் தண்ணீர். தோட்டத்தில் ஒரே கொட்டகை. இங்கே இருந்த கட்டு அங்கே நிற்கவில்லை. பட்டமே இல்லாமல் போன பலர் அங்கே போய்ப் புதிதாகப் பட்டம் வைத்துக்கொண்டதும் உண்டு. இங்கே தலை நிமிர்ந்து நடக்க விடாத ஊரை விட்டுப் போனவன், அங்கே போய் ஒரு நல்ல பேர் வைத்துக்கொண்டால் அதில் தப்பு என்ன? அதனால் அங்கே ஒருத்தர் சர்நேமைப் பார்த்து இவர் இன்ன சாதி என்று நிச்சயமாகச் சொல்லிவிட முடியாது.

12:06 தேன்மொழி (டர்பன்): உண்மைதான் இளா. அந்த அக்கா கல்யாணம் பண்ணது ஒரு நாயுடுவை. அவங்க தங்கச்சி வீட்டுக்காரர் ஒரு குஜராத்தி. படையாச்சின்னா சாதின்னு அவங்களுக்குத் தெரியவே தெரியாது. அப்பா வீட்டுப் பேரு, அவ்ளோதான். அதனாலதான் அர்த்தமே கேட்டாங்க.

12:10 இளமாறன்: ம். அப்படின்னா அது வேற மாதிரிதான். யோசிக்கிறேன்.

12:12 நெய்வேலி சித்தப்பா: அங்க இந்தப் பேரு நெறைய பேருக்கு இருக்காம்மா?

12:16 தேன்மொழி (டர்பன்): நாயுடு, பிள்ளை, கோவெண்டர் அளவுக்கு இல்ல சித்தப்பா. அந்த மூணும்தான் இங்க இந்தியப் பேருலயே எங்க பாத்தாலும். சாட்ஸ்வொர்த்னு ஒரு பகுதி இருக்கு. அங்க கடைக்குக் கடை, டாக்டர் போர்டுக்கு போர்டு அந்தப் பேருதான். படையாச்சி அதுக்கு அடுத்த வரிசை. ஆனா ஸ்பெல்லிங் ஆளுக்கு ஒண்ணு. கடைசில ரெண்டு ஈ போடுறவங்க, ஒரு ஐ போடுறவங்க, ஒய் போடுறவங்க. ஒரே தாத்தாவோட பிள்ளைங்களே வேற வேற மாதிரி எழுதுறாங்களாம்.

12:19 பெரியப்பா: பிறப்புப் பதிவு செய்த குமாஸ்தா மாறியிருப்பான், எழுத்தும் மாறியிருக்கும். மொரிஷியஸிலும் ஒய் போடுவார்கள். 2019லிருந்து 2024 வரைக்கும் அங்கே நிதியமைச்சர் ரெங்கநாதன் படையாச்சி. உங்கள் டர்பனில் விஷ்ணு படையாச்சி என்று பொருளாதாரப் பேராசிரியர் இருந்தார், 2021இல் காலமானார். நம் கடலூர் ராமசாமிப் படையாட்சியார் காமராஜர் மந்திரி சபையில் இருந்தவர். கடல் தாண்டிப் போன சொல், எங்கெங்கே போய் உட்கார்ந்திருக்கிறது பாருங்கள்.

12:21 மல்லிகா அத்தை: தில்லையாடி வள்ளியம்மையும் அந்த ஊருதானேண்ணே?

12:33 பெரியப்பா: வள்ளியம்மை பிறந்தது ஜோகன்னஸ்பர்க்கில் மல்லிகா. அம்மா தில்லையாடி. காந்தி அங்கே நடத்திய சத்தியாகிரகத்தில் ஜெயிலுக்குப் போய், 1914 பிப்ரவரியில், காய்ச்சலோடு வெளியே வந்து இறந்துபோனது. பதினாறு வயசுப் பிள்ளை.

அதற்கு முன்னாலேயே அதே போராட்டத்தில் ஒரு பையன் போனான். நாகப்பன். சாமி நாகப்பன் படையாச்சி என்றுதான் அங்கே எழுதியிருக்கிறார்கள். பதினெட்டு வயசு. 1909 ஜூனில் பத்து நாள் கடுங்காவல். நமக்கு ஜூன் வெயில், அவர்களுக்கு அது நடுங்குகிற குளிர்காலம். ரோடு போடுகிற வேலைக்கு விட்டார்கள். ஜூன் 30 வெளியே வந்தான். ஜூலை 6 செத்துப்போனான், நிமோனியா. ஜோகன்னஸ்பர்க் இடுகாட்டில் ரெண்டு பேருக்கும் நினைவுக்கல் இருக்கிறது. 1915இல் காந்தி தில்லையாடி வரைக்கும் வந்து அந்த மண்ணில் நின்றார். நம் வீட்டிலிருந்து பஸ்ஸில் போகிற தூரம்.

12:35 தேன்மொழி (டர்பன்): அந்த அக்காவுக்கு இதைச் சொல்லணும். நாகப்பன் பேரு அவங்க கேட்டிருப்பாங்களான்னு தெரியல.

12:40 நெய்வேலி சித்தப்பா: இந்த சர்நேம் விஷயத்துல நம்ம பசங்கதான் கஷ்டப்படுதுங்க. 2022 நவம்பர்ல துபாய்க்காரன் ஒத்தப் பேரு பாஸ்போர்ட் செல்லாதுன்னதும் எங்க மாப்ள எப்படித் தவிச்சாருன்னு எனக்குத்தான் தெரியும். அப்பறம் ரெண்டாம் பக்கத்துல அப்பா பேரு இருந்தாப் போதும்னு சொன்னதும்தான் உசுரு வந்துச்சு.

12:41 இளமாறன்: அமெரிக்கால ஒத்தப் பேரை சர்நேம்ல போட்டுட்டு, முன்பேரு தெரியலன்னு எழுதிடுறாங்க சித்தப்பா. என் ஃப்ரெண்டோட வங்கிக் கடிதம், பார்சல் எல்லாத்துலயும் அப்படித்தான் வருது. நான் பாஸ்போர்ட்ல அப்பா பேரைத்தான் சர்நேமா போட்டேன்.

12:52 பெரியப்பா: அப்படியானால் கேட்கிறேன் இளமாறா. உன் மகன் சர்நேமில் உன் பேர் வரும். என் தம்பி பேர் கழன்றுவிடும். இல்லையா?

12:53 இளமாறன்: ஆமா.

12:55 பெரியப்பா: அங்கே ஒரு முனுசாமி, சென்னைக்கு அம்மா வழியனுப்பக்கூட வராமல், கழுத்தில் நம்பர் போட்ட தகர வில்லையோடு போயிருப்பான். அவன் பேர் இன்றைக்கும் அவன் எள்ளுப்பேத்தி பேங்க் கார்டில் இருக்கிறது. நம் கொள்ளுத்தாத்தா ஊரிலேயே இருந்து, இதே மண்ணை உழுது, இதே மண்ணில் போனவர். அவர் பேர் என்ன? இந்தக் குழுவில் 34 பேர் இருக்கிறோம்.

12:58 மல்லிகா அத்தை: தாத்தா பேரு ராமசாமி. அவங்க அப்பா... அம்மா இருந்தா சொல்லியிருக்கும்.

1:03 நெய்வேலி சித்தப்பா: எனக்கும் தெரியலண்ணே.

1:20 இளமாறன்: அப்பாகிட்ட கேட்டேன். அவருக்கும் தெரியல பெரியப்பா.

5:47 பெரியப்பா: [படம்: பழுப்பேறிய பத்திரம், ஓரம் கரையான் அரித்தது]

5:51 பெரியப்பா: பரணிலிருந்து எடுத்தேன். மூன்றாவது வரி. "கோவிந்தப் படையாட்சி குமாரர் ராமசாமிப் படையாட்சி." கோவிந்தன். நம் கொள்ளுத்தாத்தா பேர் கோவிந்தன். எனக்கு எழுபத்து மூணு வயசு. எத்தனையோ குடும்பத்துக்கு மூல பத்திரம் படித்துச் சொன்னேன், சொந்த மூல பத்திரத்தை இன்றைக்குத்தான் வரி வரியாகப் படித்தேன்.

5:54 மல்லிகா அத்தை: அண்ணே, நம்ம பெரியவன் பேரு கோவிந்தராஜு! அம்மாதான் பிடிவாதமா வச்சுது. ஏன்னு கேட்டப்போ "பெரியவங்க பேருடி"ன்னு மட்டும் சொல்லுச்சு. இப்பதான் புரியுது.

5:58 பெரியப்பா: பேரன் என்ற சொல்லே பெயரன்தான் மல்லிகா. தாத்தா பேரைத் தாங்குகிறவன். சர்நேம் இல்லாத நமக்கு அதுதான் வழி. ஒரு தலைமுறை விட்டு ஒரு தலைமுறை பேர் திரும்பி வரும். இப்போது யாரும் அப்படி வைப்பதில்லை, நியூமராலஜி பார்த்து வைக்கிறார்கள்.

6:02 இளமாறன்: பெரியப்பா, அந்தப் படத்தை ஸ்கேன் பண்ணி அனுப்புங்க. எல்லார் பேரையும் போட்டு ஒரு வரிசை எழுதி வைக்கிறேன். பட்டம் இல்லாம, பேரு மட்டும்.

6:03 பெரியப்பா: அப்படியே செய் ராஜா. பெண் பிள்ளைகள் பேரும் வர வேண்டும். பத்திரத்தில் அவர்களை எழுதவே இல்லை.

8:36 தேன்மொழி (டர்பன்): பெரியப்பா!! அந்த அக்கா வீட்ல இருந்து பேசினேன். அவங்க மாமா வீட்டுப் பெட்டியில பழைய ஒப்பந்தக் காகிதம் இருந்துச்சாம். அதுல இருந்த நம்பரை வச்சு கப்பல் பதிவேட்டுல தேடி எடுத்துட்டாங்க. ஜில்லா தஞ்சாவூர்!

8:37 மல்லிகா அத்தை: அய்யோ கடவுளே.

8:38 பெரியப்பா: தாலுகா? கிராமம்? எழுத்து எழுத்தாகச் சொல்லம்மா, அவசரப்படாதே.

8:41 தேன்மொழி (டர்பன்): தாலுகா சீயாளின்னு இருக்கு. கிராமம் எம், ஈ, எல், ஏ, ஒய், ஓ, ஆர்.

8:44 பெரியப்பா: சீயாளி என்றால் சீர்காழி. வெள்ளைக்காரன் அப்படித்தான் எழுதுவான். எம், ஈ, எல், ஏ... மேலயூர். பூம்புகார் போகிற வழியில் மேலையூர். அதுவாக இருக்கலாம்.

8:45 பெரியப்பா: தகப்பன் பேர் கட்டத்தில் என்ன இருக்கிறது?

8:47 தேன்மொழி (டர்பன்): வி, ஐ, ஆர், ஏ, என். வீரன்.

8:52 பெரியப்பா: வீரன். அந்தப் பக்கம் வீரன் இல்லாத வீடே கிடையாது. ஆனாலும் மேலையூரில் எனக்குத் தெரிந்த பத்திர எழுத்தர் மகன் ஒருத்தர் இருக்கிறார். அவரிடம் பழைய நகல்கள் இருக்கும். திங்கட்கிழமை காலை பஸ்ஸில் போய்ப் பார்க்கிறேன்.

8:53 நெய்வேலி சித்தப்பா: தனியா போகாதீங்கண்ணே, முழங்கால் வலி இருக்கு. நானும் வரேன்.

8:55 தேன்மொழி (டர்பன்): பெரியப்பா, அந்த அக்கா ஒண்ணு கேக்குறாங்க. அவங்க பேரைத் தமிழ்ல எழுதி அனுப்ப முடியுமான்னு. இதுவரைக்கும் தமிழ் எழுத்துல அவங்க பாத்ததே இல்லையாம்.

9:04 பெரியப்பா: [படம்: வெள்ளைத் தாளில் மை பேனாவால் எழுதியது: படையாச்சி]

9:05 பெரியப்பா: 'ட்' போடவில்லை அம்மா. அவங்க தாத்தா சொன்ன மாதிரியே எழுதியிருக்கிறேன்.