தண்ணியில தாழுறவன் கத்துவானா? கண்டதை எழுதுங்க

களப்படியான்:
பாசிக்குடாக் கடல், போன சித்திரை லீவு. அங்க கனதூரம் நமக்கு இடுப்பளவுதான், தெரியும்தானே. ஆறு வயசுக்காரனுக்கு அது மூக்கு மட்டம், அதை யோசிக்கல்ல. கரையில சோத்துப் பார்சல் பிரிக்காங்க. மருமகன் என்னட்ட இருந்து நாலு பாகம் தள்ளி நிக்கான். தலை பின்னால சரிஞ்சு கிடக்கு. வாய் மேல வருது, போகுது. ரெண்டு கையும் தண்ணியை ரொட்டி மா அமுக்குற மாதிரி அமுக்குது. மிதந்து பழகுறான் எண்டு நான் சிரிச்சன். அக்கா ரெண்டு தரம் பேர் சொல்லிக் கூப்பிட்டு, பதில் இல்லாமத்தான் பாய்ஞ்சாள். தாழுறவன் கையை ஆட்டிக் கத்துவான் எண்டு படம் பார்த்து வளர்ந்த ஆள் நான். மூச்செடுக்கவே நேரமில்லாதவன் எங்க கத்துறது?

கல்லடிக் கிழவன்:
சரி மனே. கரைக்குக் கொண்டுவந்து என்ன செஞ்சீங்க? நான் பொடியனா இருக்கக்க கல்லடிப் பாலத்தடியில ஒருத்தரைத் தூக்கினாங்க. கரைவலைக்காரர் ஒருவர் ஆளைத் தோள்ல தலைகீழாப் போட்டுச் சுத்தினார். வாயால தண்ணி கொட்டிச்சு, இருமினார், பிழைச்சார். இப்ப அது பிழையாம். கண்டவன் நான்.

வெள்ளைச் சப்பாத்து:
ஐயா, நான் தாதி. அவர் சுத்தினதால பிழைக்கல்ல, சுத்தியும் பிழைச்சிருக்கார். கொட்டினது வயித்துத் தண்ணி. நான் கண்டது சின்னக் கதை: ஒரு பிள்ளையை ஆட்டோவில, வழி முழுக்க வயித்தை அமுக்கி அமுக்கிக் கொண்டுவந்தாங்க. சட்டையெல்லாம் சோறு. அந்தச் சோறு நெஞ்சுக்குள்ளயும் போயிட்டுது. அதுக்கு மேல எழுத ஏலாது.
ஆரும் கேக்கல்ல, சொல்லுறன். மூச்சு இல்லையா, மல்லாக்க வளர்த்தி, தலையைப் பின்னால சரிச்சு, நாடியை (தாடையை) உயர்த்தி, மூக்கைப் பொத்தி வாயால ஊதுங்க. நெஞ்சு எழும்புதா பாருங்க. தண்ணியில தாழ்ந்த ஆளுக்கு ஊதுறதுதான் முதல், ஏனெண்டா நிண்டது முதல்ல மூச்சு. பிறகு நடு நெஞ்சில 30 தரம் அமுக்கு, 2 தரம் ஊது, விடாதீங்க. பக்கத்தில நிக்கிறவர் 1990 அம்புலன்சுக்கு அடிக்கட்டும். சத்தி (வாந்தி) எடுத்தா ஒருக்களிச்சுத் திருப்பித் துடையுங்க. ஆள் எழும்பி இருந்தாலும் வீட்டுக்குக் கூட்டிப் போகாதீங்க, ஆஸ்பத்திரி. சில மணித்தியாலம் கழிச்சும் மூச்சு மோசமாகும்.

பொத்துவில் நானா:
எல்லாரும் நீந்தத் தெரியாதவனைப் பத்தியே கதைக்கீங்க. அறுகம்பேயில நான் கண்டவன் குளத்தில அக்கரை போய் வாற ஆள். இழுவையில, கரையில இருந்து வெளிய ஓடுற நீரோட்டத்தில, பட்டதும் கரையைப் பார்த்தே நீந்தினான். நீந்த நீந்த கரை தள்ளிப் போகுது! "கடல் கீழ இழுக்குது" எண்டு கத்தினானே (களப்படியான், இவன் கத்தினவன்). கீழ இழுக்கல்ல, வெளியதான் இழுத்தது. சர்ஃப் பலகைக்காரப் பொடியன் போய்ப் பிடிச்சான். இழுவை ஒடுக்கம், கரையோரமாவே பக்கத்துக்கு நீந்தினா விட்டிரும். எங்கட வாப்பா நாப்பது வருசம் கடலுக்குப் போனவர், நீந்தவே தெரியாது. கடக்கரையான் எல்லாம் மீன் எண்டு நினைக்கிறதும் பொய்தான்.

களப்படியான்:
நானா, அவன் கத்தினது களைக்க முந்தி. அப்ப மூச்சு இருந்தது.

உன்னிச்சைக் கொக்கு:
எங்கட பக்கம் குளத்தில மிதக்க லொறி ரியூப். ஒருக்கா வாடைக்காத்துக்கு வால்வு பக்கம் பிஞ்சுது, நடுக்குளம். ரியூப் இருந்தாப் பயமில்லை எண்டதை அண்டைக்கு விட்டன். சாப்பிட்டுட்டு நீந்தினா சாவு எண்டு அம்மம்மா சொல்லுவா, நான் வயிறு முட்டத் திண்டுட்டுத்தான் இறங்கினது, ஒண்டும் ஆகல்ல. களப்படியான், பொடியன் என்ன சொல்லுறான், ஏன் கூப்பிடல்லயாம்?

களப்படியான்:
கேட்டன். "கூப்பிட்டன்தானே மாமா, நீங்கதானே சிரிச்சீங்க" எண்டான்.