மறுசேர்க்கையா, மீளிணைப்பா?

ஐயா, நண்பர்களே, வணக்கம்.

திங்கட்கிழமை செய்முறை வகுப்பு. டி செல்கள் என்னும் நோய் எதிர்ப்பு வெள்ளணுக்களின் மேற்பரப்பிலுள்ள சிடி3, சிடி4, சிடி8 புரதங்களை ஒளிரும் ஆன்டிபாடி (அயல்பொருளைப் பற்றிக்கொள்ள உடம்பு உருவாக்கும் புரதம்) கொண்டு அடையாளம் காணப்போகிறோம். கையேடு ஞாயிறு இரவே அச்சுக்குப் போக வேண்டும். மரபணுவை ஒட்டி ஆய்வகத்தில் செய்யும் ஆன்டிபாடியை 'ரீகாம்பினன்ட் ஆன்டிபாடி' என்கிறோம். அதற்குத் தமிழில் என்ன சொல்லலாம் என்று இந்தக் குழுவில் கேட்டிருந்தேன். 'ரீகாம்பினன்ட்' வரும் இடம் மட்டும் இன்னும் காலியாக இருக்கிறது.

ஆன்டிபாடிக்கு எதிர்ப்பொருள் என்றே வைத்துக்கொள்கிறேன். இலங்கை நண்பர் வலியுறுத்தும் பிறபொருளெதிரி அழகான சொல், எதற்கு எதிரி என்பதையும் சொல்லிவிடுகிறது. ஆனால் என் மாணவர்கள் பள்ளியில் படித்தது எதிர்ப்பொருள்.

சிக்கல் முன்சொல்லில்தான். பாடநூலிலுள்ள 'மறுசேர்க்கை' போதும் என்று பலரும் எழுதியிருக்கிறீர்கள். கல்லூரியில் அந்தச் சொல்லுக்கு, இடைநின்றவரைத் திரும்பச் சேர்ப்பது என்று பொருள். அதைக்கூடப் பொறுத்துக்கொள்ளலாம். ஆனால் எதிர்ப்பொருளைச் சுரக்கும் வெள்ளணுவான பி செல்லுக்குள் மரபணுத் துண்டுகள் வெட்டுண்டு சேர்ந்துதான் இயற்கையான எதிர்ப்பொருளே உருவாகிறது. 1976-இல் ஜப்பானிய அறிவியலாளர் டோனெகாவா காட்டியது இதைத்தான். அதற்கும் பெயர் ரீகாம்பினேஷன். அப்படியானால் உடம்பில் ஊறுவதும் மறுசேர்க்கை எதிர்ப்பொருள்தானே?

ஐயா சொன்ன 'மறுபுணர்ச்சி' இலக்கணப்படி மிகப் பொருத்தம். பி செல்லில் துண்டுகள் ஒட்டும் இடத்தில் சில மரபணு எழுத்துகள் புதிதாகச் சேர்கின்றன, சில உதிர்கின்றன. நன்னூலின் புணர்ச்சி விதிகளான தோன்றலும் கெடுதலும் அப்படியே நடக்கின்றன! இதை எண்ணி ஒரு மாலை முழுதும் மகிழ்ந்திருந்தேன். ஆனாலும் முதலாண்டு வகுப்பில் அந்தச் சொல்லைச் சொல்லிவிட்டு அடுத்த வரிக்குப் போக முடியாது.

சரி, தன்வினை பிறவினையைப் பிடித்துக்கொண்டால் என்ன? இணைவது தானாக நடப்பது. இணைப்பது ஒருவர் செய்வது. பி செல்லில் நடப்பது மீளிணைவு. எதிர்ப்பொருளின் மரபணு வரிசையை அறிந்து, பிளாஸ்மிட் என்னும் சிறு டி.என்.ஏ. வளையத்தில் ஒட்டி, வளர்ப்புச் செல்லுக்குள் செலுத்தி நாம் எடுப்பது மீளிணைப்பு எதிர்ப்பொருள். பி செல்லைப் புற்றுச் செல்லோடு ஒன்றாக்கி எதிர்ப்பொருள் எடுக்கும், 1975-இல் வந்த ஹைப்ரிடோமா முறையில் செல்கள் நாளடைவில் மரபணுவை இழக்கலாம். வரிசை கையில் இருந்தால், செல் செத்தாலும் அதே எதிர்ப்பொருளை மறுபடி செய்துகொள்ளலாம். மாணவர் மனத்தில் பதிய வேண்டியது இந்த வேறுபாடுதான்.

சாயம் ஏற்றிய எதிர்ப்பொருளையும் 'இணைப்பு' என்கிறோமே, குழம்பாதா என்று குழுவில் ஓர் அம்மா கேட்டது நியாயம். அதற்குச் 'சாயம் பூட்டிய' என்று எழுதலாம் என்றேன். அவருக்கு அது பிடிக்கவில்லை. எனக்கும் முழு நிறைவில்லை.

ஞாயிறு மாலைக்குள் வேறு சொல் வந்தால் மாற்றுகிறேன். இல்லாவிட்டால் மீளிணைப்பு, அடைப்புக்குறிக்குள் மறுசேர்க்கை.