டயரின் சைடு வாலில் (பக்கச் சுவரில்) வெட்டு, ஆனால் காற்று இறங்கவில்லை. டயரை மாற்றியே ஆக வேண்டுமா?

வெண்ணாற்றங்கரை:

எல்லோருக்கும் வணக்கம். நீடாமங்கலம் பக்கம் எங்கள் கிராமம். 2016 மாடல் ஸ்விஃப்ட் வைத்திருக்கிறோம். அப்பாவுக்கு டயாலிசிஸ். செவ்வாயும் வெள்ளியும் தஞ்சாவூருக்கு நான்தான் ஓட்டிக்கொண்டு போகிறேன். போக மட்டும் முப்பது கிலோமீட்டருக்கு மேல். திரும்பும்போது பெரும்பாலும் இருட்டிவிடும்.

சம்பா அறுவடை நேரம், சாலை எப்படி இருக்கும் என்று உங்களுக்கே தெரியும். கொள்முதல் நிலையத்தில் ஈரப்பதம் 17 சதவீதத்தைத் தாண்டினால் எடுக்க மாட்டார்கள் என்று தார்ச்சாலையில் பாதியை அடைத்து நெல் காயப்போட்டிருக்கிறார்கள். அவர்களைக் குறை சொல்ல எனக்கு மனம் வராது, போன வருடம் எங்கள் வீட்டு நெல்லும் அங்கேதான் காய்ந்தது. வண்டி ஏறிவிடாமல் ஓரத்தில் கருங்கல் வைப்பார்கள் இல்லையா, அதில்தான் மாட்டினேன். செவ்வாய் இரவு அறுவடை மெஷின் ஏற்றிய லாரி எதிரே வந்தது. ஒதுங்கும்போது இடது முன் சக்கரம் கல்லில் உரசி ஏறி இறங்கியது.

வீட்டுக்கு வந்து டார்ச் அடித்துப் பார்த்தால், சைடு வாலில் கட்டைவிரல் நீளத்துக்கு வெட்டு. லேசாக விரித்தால் உள்ளே வெள்ளையாக நூல் தெரிகிறது. ஆனால் காற்று இறங்கவில்லை, மறுநாள் கடையில் அளந்தபோதும் பழைய அளவே இருந்தது. அங்கே பார்த்தபோதுதான் பின் வலது டயரில் நடுப் பட்டனில் (தரையில் படும் ரப்பர்க் கட்டையில்) ஓர் ஆணி ஏறியிருப்பதும் தெரிந்தது. அதில்தான் காற்று மெல்ல இறங்குகிறது.

பஞ்சர் கடை அண்ணன், "ஆணிக்கு ஸ்ட்ரிப் போட்டுடலாம். சைடு வெட்டுக்கு உள்ளே பேட்ச் ஒட்டி டியூப் போட்டுத் தர்றேன், தாராளமா ஓடும்" என்றார். எல்லாம் சேர்த்து ஆயிரம் ரூபாய்க்குள் முடிந்துவிடும். புது டயர் நாலாயிரத்து ஐந்நூறு கேட்கிறார்கள். அளவு 165/80 ஆர் 14. வெட்டுப்பட்டது வாங்கிப் பதினான்கு மாதம்தான் ஆகிறது, பட்டன் அப்படியே இருக்கிறது. மருந்துச் செலவோடு இதுவும் சேர்ந்தால் இந்த மாதம் கஷ்டம். ஸ்டெப்னி இதுவரை தரையில் பட்டதே இல்லை, புத்தம் புதுசு. அதையே நிரந்தரமாக மாட்டிவிடலாமா என்றும் யோசிக்கிறேன். அனுபவப்பட்டவர்கள் சொல்லுங்கள்.

மன்னார்குடி குட்டியானை:

தங்கச்சி, அந்த டியூப் வைத்தியத்தை நானும் செய்திருக்கிறேன். டிராக்டர் பின் டயரில் சைடு கிழிந்து, சூட்டில் பேட்ச் வைத்து மூன்று போகம் உழுதேன், ஒன்றும் ஆகவில்லை. அது சேற்றில் நடை வேகத்தில் போகிற வண்டி. அந்தத் தைரியத்தில் குட்டி யானைக்கும் அதையே செய்தேன். வைக்கோல் ஏற்றிக்கொண்டு திருத்துறைப்பூண்டி ரோட்டில் மத்தியான வெயிலில் போகும்போது வெடித்தது. பின் சக்கரம், அதனால் வண்டியை நிறுத்த முடிந்தது. உங்களுடையது முன் சக்கரம், ரோட்டை ஒட்டியே வாய்க்கால் ஓடுகிறது. வேண்டாம்மா.

பழைய பணிமனைக்காரன்:

அம்மா, நான் அரசுப் பேருந்துப் பணிமனையில் டயர் பிரிவில் 26 வருடம் வேலை பார்த்து ஓய்வு பெற்றவன். கொஞ்சம் விரிவாகவே எழுதுகிறேன்.

காற்று இறங்கவில்லை என்பதை வைத்து முடிவு செய்யாதீர்கள். காற்றைப் பிடித்து வைத்திருப்பது டயரின் உள்பக்கம் உள்ள மெல்லிய ரப்பர் படலம். பாரத்தைத் தாங்குவது நூல் அடுக்கு. உங்கள் டயரில் படலம் பிழைத்திருக்கிறது, நூலுக்கு அடிபட்டிருக்கிறது. தரையில் உருளும் பகுதிக்கு அடியில் இரும்புக் கம்பிப் பட்டை உண்டு. சைடு வாலில் அது கிடையாது, நூல்தான் எல்லாம். அது அறுந்தால் மேலே எதை ஒட்டினாலும் ரப்பரை ஒட்டுகிறோமே தவிர, நூலை ஒட்டவில்லை.

ஒரு கணக்கு பாருங்கள். உங்கள் டயர் ஒரு முறை சுற்றினால் இரண்டு மீட்டருக்குக் கொஞ்சம் குறைவாகப் போகும். கிலோமீட்டருக்கு 500 சுற்றுக்கு மேல். தஞ்சாவூர் போய்ச் சேர்வதற்குள் அந்த வெட்டு 15,000 முறை மடங்கி நிமிர்கிறது. ஒவ்வொரு மடிப்பிலும் சூடு ஏறும், பக்கத்து நூலும் விட்டுக்கொண்டே வரும். முதலில் வீக்கம் மாதிரி புடைக்கும். சில நேரம் அதுகூடத் தெரியாமல் நேரே வெடிக்கும். டியூப் போட்டால் அபாயம் கூடத்தான் செய்யும். டியூப்லெஸ்ஸில் ஆணி ஏறினால் மெல்ல இறங்கும் காற்று, டியூப் கிழிந்தால் ஒரே மூச்சில் போய்விடும்.

நாங்கள் பேருந்து டயரைத் தேயத் தேய மேலே புது ரப்பர் ஒட்டி, அதாவது ரீட்ரெட் செய்து ஓட்டியவர்கள். டயரைத் தூக்கிப் போட மனசு வராத இடம் அது. அங்கேயே முன் சக்கரத்துக்கு ரீட்ரெட் டயர் ஏற்ற மாட்டோம், சைடில் நூல் அறுந்ததைக் கழித்துவிடுவோம்.

ஆணி ஏறியது வேறு கதை, அதைக் காப்பாற்றலாம். நடுப் பட்டனில் ஏறியிருந்து, ஓட்டை 6 மில்லிமீட்டருக்குள் இருந்தால் போதும். ஆனால் வெளியிலிருந்து ஸ்ட்ரிப் மட்டும் செருகுவது வீடு வந்து சேருவதற்கு. டயரை டிஸ்க்கிலிருந்து (சக்கர வளையத்திலிருந்து) கழற்றச் சொல்லி, உள்பக்கத்திலிருந்து மஷ்ரூம் பேட்ச் வைக்கச் சொல்லுங்கள். காளான் மாதிரி இருக்கும், தண்டு ஓட்டையை அடைக்கும், தலை உள்ளே ஒட்டிக்கொள்ளும். கழற்றும்போது உள்ளே கையை விட்டுப் பாருங்கள். கறுப்பு ரப்பர்த் தூள் கையில் ஒட்டினால், காற்றில்லாமல் ஓடி டயர் உள்ளுக்குள் நைந்திருக்கிறது என்று அர்த்தம், அப்போது அதையும் விட்டுவிட வேண்டியதுதான்.

அடுத்து அந்த ஸ்டெப்னி. அதன் பக்கவாட்டில் நீள்வட்டத்துக்குள் நான்கு இலக்கம் இருக்கும். 1416 என்றிருந்தால் 2016இன் 14ஆவது வாரம் செய்தது. வண்டியோடு வந்த ஸ்டெப்னி என்றால் அதற்கும் வண்டியின் வயதுதான். ஓடாமலே கிடந்தாலும் ரப்பர் இறுகும். தயாரித்துப் பத்து வருடம் ஆனதைப் பட்டன் இருந்தாலும் போடாதீர்கள் என்றுதான் டயர் கம்பெனிகளே சொல்கின்றன. புது டயர் வரும்வரை மெதுவாகக் கடைக்குப் போக அது போதும், அப்பாவை ஏற்றிக்கொண்டு இரவில் ஓட்ட வேண்டாம்.

ஒரே ஒரு டயர் வாங்கினால் போதும். வலது முன் டயர் எந்தக் கம்பெனி, எந்த டிசைனோ அதையே கேட்டு வாங்குங்கள்.

குடவாசல் வாசகர்:

இன்சூரன்ஸில் கேட்டுப் பார்க்கலாமே?

பழைய பணிமனைக்காரன்:

சாதாரணப் பாலிசியில் டயருக்கு மட்டும் அடிபட்டால் தர மாட்டார்கள். வண்டிக்கும் சேர்ந்து அடிபட்டிருந்தால் புது டயர் விலையில் பாதி. டயருக்கென்று தனியாகக் கூடுதல் பாதுகாப்பு எடுத்திருந்தால்தான் வேறு. இந்தத் தொகைக்காக நோ கிளைம் போனஸை, அதாவது கிளைம் கேட்காமல் இருந்தால் பிரீமியத்தில் கிடைக்கும் தள்ளுபடியை, இழப்பதும் நஷ்டம்.

வெண்ணாற்றங்கரை:

அய்யா, அண்ணன், இருவருக்கும் நன்றி. வியாழன் மதியமே போய்விட்டேன். ஸ்டெப்னியில் 1116 என்று இருந்தது. பட்டனுக்கு இடையில் தலைமுடி போல வெடிப்புகள், இத்தனை நாள் கவனிக்கவே இல்லை.

வெட்டுப்பட்ட டயரைக் கழற்றியதும் உள்ளே விரலை வைத்துப் பார்த்தேன். வெட்டுக்கு நேரே ஒரு பட்டாணி அளவுக்கு மேடு தட்டியது. கடை அண்ணனிடமும் தொட்டுப் பார்க்கச் சொன்னேன். கொஞ்ச நேரம் பேசாமல் இருந்துவிட்டு, "டியூப் வேண்டாம்மா" என்று அவரே சொன்னார். அதே டிசைனில் ஒன்று வாங்கினேன், பேரம் பேசி நாலாயிரத்து இருநூறு. ஆணி ஏறியதற்கு உள்ளிருந்து பேட்ச், ரப்பர்த் தூள் ஏதும் இல்லை. பின் டயர்கள் இரண்டிலும் பட்டன் குறைவாக இருப்பதால் ஐப்பசி மழைக்கு முன்னால் ஜோடியாக மாற்றலாம் என்றார், அதற்குச் சீட்டுப் பணம் வரும்.

பழைய டயரை எடுத்து வந்துவிட்டேன், யாராவது வாங்கி டியூப் போட்டு ஓட்டிவிடக் கூடாது. அப்பா அதைத் தென்னங்கன்றுக்கு அண்டை கொடுக்கக் கேட்டிருக்கிறார். இன்று வெள்ளி, இரண்டு மணிக்குக் கிளம்புகிறோம்.