கிரிட்விக்கன் கட்டுரைக்கு ஆதாரம் தேட உதவி வேண்டும்

வணக்கம் நண்பர்களே. தென் அட்லாண்டிக்கில் உள்ள தெற்கு ஜார்ஜியாத் தீவின் கிரிட்விக்கன் திமிங்கில வேட்டை நிலையம் பற்றிய விக்கிப்பீடியா கட்டுரையை விரிவாக்குகிறோம். 1904இல் கார்ல் அன்டன் லார்சன் தொடங்கியது. 1913இல் கட்டிய தேவாலயம் இன்றும் நிற்கிறது. மரபுப் பகுதி எளிது.

சிக்கல் 1982 பகுதியில்தான், அதாவது பிரிட்டன்–அர்ஜென்டினா ஃபாக்லாந்து போர் பற்றிய பகுதியில். மார்ச் 19இல் அர்ஜென்டினாவின் பழைய இரும்பு அகற்றும் தொழிலாளர்கள் இறங்கியது அதே தீவின் இன்னொரு இடமான லீத் துறைமுகத்தில். ஏப்ரல் 3 சண்டை நடந்தது கிரிட்விக்கன் பக்கம். இரண்டையும் ஒரே இடமாக்கினால் காலவரிசையே குலைந்துவிடும். அந்த ஏப்ரல் மாத நாளிதழ்கள் உங்கள் ஊர் நூலகத்தில் இருந்தால், பத்திரிகைப் பெயர், தேதி, பக்க எண் மூன்றும் தெரியும்படி படமெடுத்து அனுப்புங்கள். எண் வெட்டுப்பட்டால் மேற்கோளாகப் பயன்படாது.

வேட்டைக் கணக்கு தருபவர்கள் 1912–13 என்று பருவமாகவே குறிக்கவும். தென்கோளக் கோடை இரண்டு ஆண்டுகளில் விழும். ஒற்றை ஆண்டாக எழுதினால் கூட்டுத்தொகை இடிக்கும். எண்ணெய் அளவு பீப்பாயில் இருந்தால் அப்படியே விடுங்கள், டன்னாக மாற்ற வேண்டாம்.