மேற்கு ஆப்பிரிக்காவில் துணி வணிகம் பெண்கள் கைக்கு வந்தது எப்படி?

கேள்வி (திருப்பூர், பின்னலாடைத் தொழில்):

அனைவருக்கும் வணக்கம். பதினொரு ஆண்டுகளாகக் கணவருடன் சேர்ந்து சிறிய பனியன் கம்பெனி நடத்தி வருகிறேன். கட்டிங் தவிர தையல், செக்கிங், பேக்கிங், கூலிக் கணக்கு எல்லாம் என் பொறுப்பு. ஆனாலும் விலை பேச வருபவர்கள், “அண்ணன் இல்லீங்களா?” என்று கேட்டுவிட்டு, அவர் வரும்வரை வாசலிலேயே காத்திருப்பார்கள். சென்ற மாதம் காதர்பேட்டை வழியாக, கானா நாட்டின் அக்ராவிலிருந்து ஒரு பெண் வியாபாரி வந்தார். துணியைத் தடவிப் பார்த்து, தையலை இழுத்துச் சோதித்து, நேராக என்னிடமே விலை பேசி முடித்தார். தம் தாயும் பாட்டியும் மகோலா சந்தையில் துணி விற்றவர்கள் என்றார். இது ஓரிருவரின் திறமையா, அந்தச் சமூகங்களின் வழக்கமா? அறிந்தவர்கள் விளக்க வேண்டுகிறேன்.

பதில் 1 (கரூர்):

அக்ராவில் ஆறு ஆண்டுகள் வேலை பார்த்தவன் என்ற முறையில் எழுதுகிறேன். வழக்கம்தான், சகோதரி. அக்ராவிலும் குமாசியிலும் சந்தைக் கடைக்காரர்களில் பெரும்பாலோர் பெண்கள். தக்காளிக்கு ஒருவர், சேனை போன்ற யாம் கிழங்குக்கு ஒருவர் என்று ஒவ்வொரு சரக்குக்கும் ஒரு தலைவி உண்டு. அக்கான் மொழியில் ‘ஒஹெம்மா’, அதாவது அரசி, என்பார்கள். அனுபவம் மிகுந்தவரையே வியாபாரிகள் அந்தப் பொறுப்பில் அமர்த்துகிறார்கள். கடன் தகராறுகளைத் தீர்த்து வைப்பதும், வியாபாரி வீட்டில் இழவு விழுந்தால் சந்தையின் சார்பில் முன்நிற்பதும் அவர் வேலை. குமாசிப் பகுதியின் அசாந்தி மக்களிடம் தாய்வழி உரிமை இருப்பதோடு, கணவன் பணமும் மனைவி பணமும் தனித்தனியாக இருப்பதும் பழைய வழக்கம். நம் சீட்டைப் போல அங்கே ‘சுசு’ உண்டு: தினமும் ஒருவர் வந்து சிறு தொகை வாங்கிச் செல்வார், மாத முடிவில் ஒரு நாள் தொகையைத் தம் கூலியாக வைத்துக்கொண்டு மீதியைத் திருப்பித் தருவார். பலருக்கு அதுவே வியாபார முதலீடு.

பதில் 2 (ஈரோடு, ஜவுளி மொத்த வியாபாரம்):

அம்மணி, எங்கள் தொழிலுக்கு நெருக்கமான கதை டோகோ நாட்டின் லோமே நகரத்தில் இருக்கிறது. மெழுகு தடவிச் சாயமேற்றும் ஜாவாவின் பத்திக் துணியைப் பார்த்து டச்சுக்காரர்கள் இயந்திரத்தில் அச்சிட்ட மெழுகுத் துணிக்கு மேற்கு ஆப்பிரிக்காவில் பெரும் சந்தை அமைந்தது. அத்துணியை அச்சிடும் டச்சு நிறுவனமான விலிஸ்கோவிடமிருந்து குறிப்பிட்ட டிசைன்களுக்குத் தனி விற்பனை உரிமை பெற்ற லோமே பெண்கள், அவற்றை அண்டை நாடுகளுக்கும் அனுப்பினார்கள். மெர்சிடிஸ் பென்ஸ் கார் வாங்கும் அளவுக்குச் செல்வம் சேர்ந்ததால் ‘நானா பென்ஸ்’ என்ற பெயர் வந்தது. கார்களைவிட எனக்கு வியப்பளிப்பது அவர்களுடைய வேலை. எந்த நிறம் ஓடும் என்று ஆலைக்குச் சொன்னவர்கள் அவர்கள். டிசைனுக்குப் பெயர் சூட்டியவர்களும் சந்தைப் பெண்களே. கூண்டிலிருந்து பறவை பறக்கும் ஒரு டிசைனின் பெயர் ‘நீ வெளியே போனால் நானும் போவேன்’. உடுத்துபவள் வாயைத் திறக்காமலே கணவனுக்குச் சொல்ல வேண்டியதைச் சொல்லிவிடுவாள். நெய்வதும் தைப்பதும் உழைப்புதான் என்றாலும், எது விற்கும் என்ற அறிவும் கடன் கொடுக்கும் உரிமையும் யாரிடம் இருக்கின்றனவோ அவர்களிடமே விலை இருக்கும். 1994 சனவரியில் டோகோவின் நாணயமான சிஎஃப்ஏ பிராங்கின் மதிப்பு பாதியாகக் குறைக்கப்பட்டபோது டச்சுத் துணி விலை எட்டாத உயரத்துக்குப் போனது. பின்னர் மலிவான சீன நகல்கள் வந்தன. பெரும்பாலான நானாக்கள் சரிந்தார்கள். அடுத்த தலைமுறைப் பெண்கள் சீனாவுக்கே சென்று சரக்கெடுக்கத் தொடங்கினார்கள்.

பதில் 3 (கோபிசெட்டிபாளையம், ஓய்வுபெற்ற வரலாற்று ஆசிரியை):

தாய்வழி உரிமை மட்டுமே காரணம் என்று கொள்ள வேண்டாம். நைஜீரியாவின் இக்போ, யொருபா மக்கள் பெரும்பாலும் தந்தைவழியினர். அங்கும் சந்தை பெண்களுடையதே. முக்கியமானது, அவர்கள் தனித்தனிக் கடைக்காரர்களாக இல்லாமல் சங்கமாக இயங்கியது. பெண்களுக்கும் வரி வரும் என்ற அச்சத்தில் 1929இல் இக்போ நாட்டில் ஆயிரக்கணக்கான பெண்கள் ஆங்கிலேயர் நியமித்த தலைவர்களுக்கு எதிராகத் திரண்டார்கள்; ஐம்பதுக்கும் மேற்பட்டவர்கள் சுட்டுக் கொல்லப்பட்டார்கள். யொருபா நகரமான அபெயோகுட்டாவில் ஃபுன்மிலாயோ ரான்சம் குட்டி சந்தைப் பெண்களைத் திரட்டி நடத்திய போராட்டத்தால், 1949இல் ‘அலாக்கே’ என்னும் பட்டம் கொண்ட அந்நகர மன்னர் அரியணையை விட்டு விலக நேர்ந்தது. உங்களிடம் வந்தவர் சொன்ன மகோலாவுக்கும் ஒரு துயரம் உண்டு. விலைவாசி உயர்வுக்குச் சந்தைப் பெண்களே காரணம் என்று பழி சுமத்தி, 1979 ஆகஸ்டில் ராணுவத்தினர் ‘மகோலா எண் 1’ என்ற சந்தையைத் தகர்த்தார்கள். பொருளாதாரம் சீர்குலைந்ததற்கு வேறு காரணங்கள் இருக்க, கண்முன் நின்று விற்றவளே தண்டிக்கப்பட்டாள். இதைப் படிக்கும்போதெல்லாம் எனக்கு மனம் கொதிக்கிறது.

பதில் 4 (சென்னிமலை):

நெசவுக் குடும்பத்தவன் என்பதால் ஒரு செய்தியைச் சேர்க்கிறேன். நைஜர் ஆற்று முகத்துவாரத்தின் கலபாரிப் பெண்கள் இந்தியக் கட்டம் போட்ட மதராஸ் துணியை வாங்கி, சில இழைகளை மட்டும் அறுத்து உருவி, ‘பெலெத்தே பித்தே’ என்னும் புதுத் துணியாக மாற்றுவார்கள்.

கேள்வி கேட்டவர்:

அனைவருக்கும் நன்றி. ஈரோட்டு ஐயா சொன்னதைக் கணவரிடம் படித்துக் காட்டினேன். நீண்ட நேரம் பேசினோம். எங்கள் ஜிஎஸ்டி பதிவும் வங்கிக் கணக்கும் அவர் பெயரில் மட்டுமே இருக்கின்றன. இருவரும் பங்குதாரர்களாக மாற அவரும் சம்மதித்துவிட்டார். பழைய பதிவை அப்படியே மாற்றலாமா, புதிதாகத்தான் எடுக்க வேண்டுமா? கணக்காளர்கள் யாரேனும் இருந்தால் எழுதுங்கள்.